எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர்

நம் இணையதளத்தில் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் இருவருக்கும் எந்தப் பகுதியைக் கொடுப்பது என்று பேச்சு வந்தபோது, ஒருவர் சமையலைக் கேட்டீர்கள், ஒருவர் வேலைவாய்ப்பைக் கேட்டீர்கள். ‘நம்பிக்கையும் கேள்வியும்’ பகுதியை இருவருமே கேட்கவில்லை. கேட்டிருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். அந்தப் பகுதிக்கு ஆசையோடு வருகிறவர்கள் பெரும்பாலும் யாரையோ ஒரு கை பார்க்கத்தான் வருகிறார்கள். சமையல் பகுதி நிம்மதியானது என்றும் நினைத்துவிடாதீர்கள். கோழி வறுவலுக்குச் சோம்பைத் தாளிப்பதா அரைப்பதா என்று அடித்துக்கொண்டு இரண்டு பேர் தளத்தை விட்டே போயிருக்கிறார்கள்.

ஆனாலும் உங்களில் ஒருவருக்கு அது வந்துதான் சேரும். வாசகர்கள் மதங்களைப் பற்றியும் அவற்றால் விளையும் கேடுகளைப் பற்றியும் எழுதிப் பேசிக்கொள்ளும் இடம் அது. எதை வைப்பது, எதை நீக்குவது என்று முடிவு செய்யும் மட்டுறுத்துநராக ஓய்வு பெறும்வரை அங்கே உட்கார்ந்திருந்தவள் நான். எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பதை அலுவலகத்தில் சொல்லித் தருவார்கள், ஒரு காலைப் பொழுதில் வந்துவிடும். நான் சொல்ல வந்தது வேறு.

நான் கத்தோலிக்க வீட்டுப் பெண். ஞாயிறு காலை பூசை பார்த்துவிட்டு, இட்லி சாப்பிட்டுவிட்டு, செக்காலை ரோட்டில் பெயிண்டுக் கடை மாடியில் இருக்கும் நம் அலுவலகத்துக்கு வந்து, மதம் எப்படியெல்லாம் மனிதரைக் கெடுக்கிறது என்று ஊரார் எழுதியதைப் படிக்க உட்காருவேன். வீட்டில் கேலி செய்வார்கள். கோயிலில் சிலர் முறைப்பார்கள். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், அதுவும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அங்கே ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடித்திருக்க மாட்டேன், எனக்கு முன்பே அங்கிருந்த மட்டுறுத்துநர் பக்கத்தில் இல்லாமல் போயிருந்தால்.

அவரை அலுவலகமே அண்ணன் என்றுதான் கூப்பிடும். தச்சு வேலை செய்யும் குடும்பத்தில் பிறந்து, படித்து, பத்திரிகை வேலைக்குப் போய், பிறகு இங்கே வந்தவர். எந்தச் சாமியையும் கும்பிடாதவர். நான் வந்த புதிதில் எங்கள் ஆட்களைப் பார்த்து ஒருவர் எழுதியிருந்தார்: “கல்லறைத் தோட்டத்திலேயே சாதிக்கு ஒரு மூலைன்னு பிரிச்சு வச்சிருக்கீகளே, உயிர்த்தெழும்போதும் தனித்தனி வரிசையா?” எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. நீக்கப் போனேன். அண்ணன் எழுந்து வந்து, என் மேசைக்கு எதிரே கிடந்த ஒயர் பின்னிய நாற்காலியைக் காட்டினார்.

“அங்குட்டுப் போயி உக்காரும்மா. நான் படிக்கேன், நீ கேளு.”

உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற குரலில், ஏற்ற இறக்கம் எதுவும் சேர்க்காமல், அதை வாய்விட்டுப் படித்தார்.

“இதுக்கு உன்கிட்ட பதில் இருக்கா?”

“இல்லண்ணே.”

“பதில் இல்லங்கிறதுக்குத்தான் கோவம் வருது. கேள்வி கெடக்கட்டும், விடு.”

விட்டேன். எங்கள் ஆட்களே அந்தக் கேள்விக்குக் கீழே வந்து, வீட்டுக்குள்கூடப் பேசாதவற்றை எழுதினார்கள். தன் அப்பாவை எந்த மூலையில் புதைக்கவிட்டார்கள் என்று ஒருவர் எழுதியதைப் படித்துவிட்டு நான் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

அன்றிலிருந்து அதுதான் எங்கள் வழக்கமாயிற்று. வைப்பதா நீக்குவதா என்று தடுமாற்றம் வந்தால் ஒருவர் வாய்விட்டுப் படிப்போம். மற்றவர் எதிர் நாற்காலியில் உட்காருவார், யாரைப் பற்றி எழுதப்பட்டிருக்கிறதோ அவராக. எவ்வளவு கடுமையான கேள்வியானாலும், அந்த ஆள் நாற்காலியை விட்டு எழாமல் கேட்டு முடிக்க முடியும் என்றால் வைப்போம். எழுந்து போய்விடுவார் என்றால் நீக்குவோம். “எழுதுனவுகளுக்கு நம்ம ஆயிரம் சலுகை குடுக்கோம். எழுதப்பட்டவுகளுக்கு இந்த ஒரு நாற்காலியாச்சும் வேணாமா?” என்பார் அண்ணன். அந்த நாற்காலியில் உண்மையாகவே ஒருவர் வந்து உட்காருவார் என்று நாங்கள் இருவரும் நினைத்ததில்லை.

மருமகள் என்ற புனைபெயரில் ஒரு பெண் எழுதிய பதிவிலிருந்துதான் அது தொடங்கியது. அவள் எழுதியதன் சாரம் இது. பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு கத்தோலிக்க வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். பிறந்தது இந்துக் குடும்பம், கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கியவள். ஏழு வயது மகனுக்கு வலிப்பு நோய். மாத்திரை சாப்பிடத் தொடங்கியபின் வலிப்பு வரவில்லை. அண்மையில் மாமியார் யாரோ ஒருவர் வீட்டில் நடத்தும் ஜெபக் கூட்டத்துக்குப் போகத் தொடங்கியிருக்கிறார். அங்கே ஜெபிக்கிறவர், பையன் குணமாகிவிட்டான், இனிமேல் மாத்திரை கொடுப்பது ஆண்டவரைச் சந்தேகப்படுவது என்று சொல்லியிருக்கிறார். மாமியார் மாத்திரையை நிறுத்திவிட்டார். கணவனுக்கு ஓசூரில் வேலை, அவன் போனில் ‘அம்மா சொல்றதைக் கேளு’ என்கிறான். மருமகள் ஒன்று சொன்னால், ‘நீ கல்யாணத்துக்காகத் தண்ணி ஊத்திக்கிட்டவ, உனக்கு விசுவாசம் எங்குட்டு இருக்கும்’ என்று பேச்சு முடிந்துவிடுகிறது.

பதிவின் கடைசியில் எழுதியிருந்தாள்: “காலை மாத்திரையைப் பள்ளிக்கூடம் போற வழியில தெருமுனையில நிப்பாட்டிக் குடுத்துடுறேன். ராத்திரி மாத்திரைக்கு வழியில்ல, பையன் மாமியார் பக்கத்துல படுப்பான். அடுத்த வாரம் முழு ஆண்டு லீவு விடுறாங்க. அப்புறம் காலையிலயும் குடுக்க முடியாது. யாராவது வழி சொல்லுங்க.”

முதலில் அவளுக்குத் தனியாக எழுதினேன். இந்த மாத்திரை விட்டு விட்டுக் கொடுப்பதல்ல, இன்றைக்கே டாக்டரிடம் போனிலாவது பேசிவிடு என்றேன். பிள்ளைக்கு ஆபத்து என்றால் எங்கே முறையிடலாம் என்றும் சொன்னேன். பயந்துவிட்டாள். “போலீசு கீலீசுன்னு போனா நான் இந்த வீட்டுல வாழ முடியாதுக்கா. அத்தை கெட்டவுக இல்ல. பிள்ளை மேல உசுரையே வச்சிருக்காக” என்று பதில் வந்தது.

அதற்குள் அவள் பதிவுக்குக் கீழே கூட்டம் சேர்ந்துவிட்டது. மதம் மாறினால் இதுதான் கதி என்று குதூகலமாக ஒரு கோஷ்டி. எங்கள் சபையில் இப்படி யாரும் சொல்வதே இல்லை, இவள் பொய்க்காரி என்று இன்னொரு கோஷ்டி. எந்த மதமும் வேண்டாம் என்கிற மூன்றாவது கோஷ்டியாவது பையனைப் பற்றிப் பேசுவார்கள் என்று பார்த்தேன். அவர்கள் மாமியாரைப் பிடித்துக்கொண்டார்கள். “மூளை செத்த கிழவி” என்பதுதான் அதில் நான் இங்கே எழுதக்கூடியது. அதை எழுதியவர் நன்றாகப் படித்தவர், பல வருடமாக நம் தளத்தில் இருப்பவர், அறிவியல் கட்டுரையெல்லாம் எழுதுகிறவர்.

தளத்தின் உரிமையாளர் போன் செய்தார். “அதைத் தூக்கிருங்கம்மா. மத விஷயம், வம்பு வேணாம்.”

அவர் பயந்ததில் தப்பில்லை, சொல்லப்போனால் எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் தூக்கினால் அந்தப் பெண் என்ன நினைப்பாள்? வீட்டிலும் வாயை மூடு என்றார்கள், இங்கேயும் அதையே சொல்லிவிட்டார்கள் என்றுதானே? அடுத்த வாரத்துக்குள் ஒரு வழி பிறக்காவிட்டால் அந்தப் பிள்ளைக்கு இரண்டு வேளை மாத்திரையும் போய்விடும். “பள்ளிக்கூடம் லீவு விடுற வரைக்கும் விட்டுவைங்க சார், வம்பு வந்தா என் தலையில வரட்டும்” என்றேன். சரி, உங்கள் பொறுப்பு என்று வைத்துவிட்டார்.

நானும் அண்ணனும் உட்கார்ந்தோம். எங்கள் அனுமதி இல்லாமல் எதுவும் வெளிவராதபடி செய்துவிட்டு, வந்து குவிந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்தோம். அண்ணன் படித்தார். நான் எதிர் நாற்காலியில் அந்த மாமியாராக உட்கார்ந்தேன். முகம் தெரியாத அந்த அம்மாளுக்காகப் பல தடவை எழுந்துவிட்டேன். எழுந்த இடத்திலெல்லாம் அண்ணன் நீக்கினார். நீக்கியவற்றை எழுதியவர்களுக்கெல்லாம் ஒரே வரியைத்தான் அனுப்பினோம்: “இதை அந்த அம்மாளிடமே பேசுவதுபோல் திருத்தி எழுதுங்கள், வெளியிடுகிறோம்.” பெரும்பாலோர் திருத்தவில்லை. கிழவி என்று எழுதிய அறிவியல்காரர் எங்களை மதவாதிகளின் கைக்கூலிகள் என்று திட்டி எழுதினார்.

எஞ்சியது கொஞ்சம்தான். அதில் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று, வயதான ஒரு கத்தோலிக்கப் பெண் எழுதியது. “நானும் ஜெபமாலை விடாமச் சொல்றவ. என் மகளுக்குச் சின்ன வயசுலயே சக்கரை. தினமும் ஊசி போடுறப்ப நாங்க ரெண்டு பேரும் அருள் நிறைந்த மரியே சொல்லுவோம். அவளுக்குக் கல்யாணமாகிப் போயும் ஊசியை எடுத்தா வாய் தானா ஜெபம் சொல்லுதாம்.” இரண்டாவதை எழுதியவர் நம்பிக்கை இல்லாதவர்: “அம்மா, உங்கள் ஜெபத்தை நான் கேள்வி கேட்கவில்லை. மாத்திரையை நிறுத்தச் சொன்னவர் அந்தப் பையனுக்கு வலிப்பு வந்ததைப் பார்த்திருக்கிறாரா? மறுபடி வந்தால் அப்போது பக்கத்தில் இருக்கப்போவது அவரா, நீங்களா?”

இரண்டாவதுக்குத்தான் எனக்குக் கடுமையான எதிர்ப்பு வந்தது. பூசை முடிந்து வெளியே வந்தால் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்கள். “ஜெபிக்கிறவுகளையே கேள்வி கேக்கான், நீங்களே இப்படி விட்டு வைக்கலாமா?” எதிர் நாற்காலியில் அந்தக் கேள்வியைக் கேட்டபோது எனக்கு வலித்தது உண்மைதான், ஆனால் எழுந்திருக்கத் தோன்றவில்லை. நாகரிகமாகப் பேசுவது என்றால் வலிக்காமல் பேசுவது என்று நினைத்துக்கொண்டு நீங்கள் இப்படிப்பட்டவற்றை நீக்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். ஒரு மதத்தின் பேரால் ஒரு பிள்ளைக்குக் கேடு நடந்தால், நடக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். அந்தச் சொல் யாரிடம் போய்ச் சேர வேண்டுமோ அவரிடம் சேருகிற மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடம் மூடுவதற்கு முந்திய நாள். அண்ணன் அன்று விடுப்பு. கீழச்சிவல்பட்டியில் குலதெய்வம் கோயிலில் அவர் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்துவார்கள்? “சாமி இல்லன்னு சொன்னா மடியுமா இல்லன்னு கேக்கா என் தங்கச்சி” என்று புலம்பிக்கொண்டே, புது வேட்டி கட்டி, மாமன் சீரோடு போயிருந்தார். நான் தனியாக இருந்தேன். மருமகளிடமிருந்து செய்தி வந்தது. “அக்கா, மாதா கோயில் வாசல்ல யாரோ அத்தைகிட்ட போனைக் காமிச்சிட்டாங்க. உன் வீட்டுக் கதைதானே இதுன்னு கேட்டுருக்காங்க. அத்தை செக்காலைக்குத்தான் கெளம்பி வாராக. நீங்களாச்சும் பாத்துப் பேசுங்க.”

நான் பதில் தட்டச்சு செய்து முடிக்கும் முன்பே கீழே ஆட்டோ வந்து நின்றது. குடையை ஊன்றிக்கொண்டு மாடியேறி வந்தவருக்கு அறுபத்தைந்து வயது இருக்கலாம். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிலுவை. பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று பார்த்ததுமே தெரிந்தது. மூச்சு வாங்கியது. வெளியாட்கள் உட்கார எங்கள் அறையில் இருந்தது அந்த எதிர் நாற்காலி மட்டும்தான். அதில் உட்கார்ந்தார்.

“நான்தான் அந்த மாமியா. என்னையப் பத்தி ஊரே எழுதுதாமே, என்னென்ன எழுதியிருக்காகன்னு படிங்க. கண்ணாடியை வச்சிட்டு வந்துட்டேன்.”

தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

“படிக்கிறேன்மா. ஆனா நாங்க வெளியிட்டதை மட்டுந்தான் படிப்பேன். நீக்குனதைப் படிக்க மாட்டேன்.”

“அப்ப நீக்குனதும் இருக்கு. மறைக்கிறீக.”

“மறைக்கத்தான் செய்யிறேன். அது உங்ககிட்ட பேசுன பேச்சு இல்லம்மா. உங்களைச் சாக்கா வச்சு அவுகளுக்குள்ள பேசிக்கிட்டது.”

என்னை ஒரு பார்வை பார்த்தார். வகுப்பில் கடைசி வரிசைப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி இருந்தது. பிறகு, “சரி, படிங்க” என்றார்.

மருமகள் எழுதியதிலிருந்து தொடங்கினேன். தெருமுனையில் நிறுத்தி மாத்திரை கொடுக்கிறாள் என்ற இடம் வந்ததும் அவர் கை குடையின் பிடியை இறுக்கியது. இவர் எழுந்து போய்விட்டால் அந்தப் பெண்ணின் கதி என்ன என்பது ஒன்றுதான் எனக்குள் ஓடியது. நிறுத்தினேன்.

“ஏன் நிப்பாட்டிட்டீக? மேல படிங்க.”

ஊசியும் ஜெபமும் பற்றிய கடிதத்தைப் படித்தேன். அடுத்தது அந்தக் கேள்வி. அண்ணன் படிக்கிற மாதிரியே படிக்க முயன்றேன்: மறுபடி வந்தால் அப்போது பக்கத்தில் இருக்கப்போவது அவரா, நீங்களா?

அவர் எழுந்திருக்கவில்லை.

“நான்தான் இருந்தேன்” என்றார். “மொதத் தடவை வந்தப்ப வீட்டுல வேற யாரும் இல்ல. பல்லைக் கடிச்சுக்கிட்டு, கண்ணு மேல போயி… செத்துட்டான்னே நெனச்சேன். தூக்கிக்கிட்டு ரோட்டுல ஓடுனேன், செருப்புக்கூடப் போடலை. அன்னையிலேருந்து அவன் தூக்கத்துல புரண்டாலும் முழிச்சுக்கிருவேன். எத்தன டாக்டர்கிட்ட கேட்டேன் தெரியுமா? ‘இனிமே வரவே வராதா’ன்னு. ஒருத்தரும் வராதுன்னு சொல்லலை. மாத்திரை குடுங்க, பாப்போம்னாக. அந்த மனுசன் ஒருத்தர்தான் வராதுன்னு சொன்னாரு.”

அவருக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும்தான். அந்த அம்மாளைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ எழுதிவிட்டார்கள். பயத்தால் செய்திருப்பார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, நானும் அப்படி யோசிக்கவில்லை.

“அம்மா, வராதுன்னு நானும் சொல்ல முடியாது” என்றேன். “ஆனா இன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. விட்டுப்போனதை எப்படித் தொடங்கணும்னு அவுகதான் சொல்லணும்.”

தலையாட்டினார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தண்ணீரைக் குடித்தார். பிறகு குடையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நான் சொல்றேன், அப்படியே எழுதுறீகளா?”

எழுதினேன். அவர் சொன்னது இதுதான்: “நான்தான் அந்த மாமியார். என் மருமகள் எழுதியது உண்மை. இன்று சாயங்காலம் நானும் அவளும் பையனை டாக்டரிடம் கூட்டிப் போகிறோம். மாத்திரையை இனி என் கையாலேயே கொடுப்பேன். ஜெபத்தையும் விட மாட்டேன். ஊசி போடும்போது ஜெபம் சொல்லும் அம்மாவுக்கு என் வணக்கம். என்னைக் கேள்வி கேட்டவருக்கு நன்றி.”

முடிந்தது என்று நினைத்துக் கையை எடுத்தேன்.

“இன்னும் இருக்கு. நீக்குனதை எழுதுனவுகளுக்கும் ஒரு வார்த்தை சொல்லணும். ‘நீங்கள் எழுதியதை இந்த அம்மாள் எனக்குப் படித்துக் காட்டவில்லை. மோசமாகத்தான் எழுதியிருப்பீர்கள். என் பேரனை நினைத்துத்தான் உங்களுக்கு அவ்வளவு கோபம் வந்திருக்கும். பிள்ளைக்காகக் கோபப்பட்டவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை.’”

என் விரல் நின்றுவிட்டது. நீக்கியவை எல்லாவற்றையும் கேட்டவள் நான். அவற்றில் பையனைப் பற்றி ஒரு வரி கிடையாது. அதைச் சொல்லிவிட வேண்டும் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதி வெளியிட்டேன்.

மறுநாள் அண்ணன் மாமன் சீர்ப் பலகாரத்தோடு வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் கைமுறுக்கை எடுத்து என்னிடம் நீட்டினார். மருமகளிடமிருந்தும் செய்தி வந்திருந்தது. டாக்டர் சத்தம் போட்டாராம், பிறகு பொறுமையாக விளக்கினாராம். ராத்திரி மாத்திரையை அத்தைதான் கொடுத்தாராம்.

அந்த அம்மாளின் பதிவுக்குக் கீழே அன்று முழுவதும் யாரும் எதுவும் எழுதவில்லை. அத்தனை கூச்சல் போட்ட இடம் அது. சாயங்காலம் கிளம்பப் போகும்போது அனுமதிக்காக ஒன்று வந்து நின்றது. கிழவி என்று எழுதிய அறிவியல்காரர். எனக்கு எரிச்சல்தான் வந்தது, திறக்காமலேயே போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் வாய்விட்டுப் படித்தேன்.

“அம்மா, பையன் இப்போது எப்படி இருக்கிறான்?”